மனைப்பிரிவும் நிலப் பயன்பாடும்: வாங்குபவரும் ஊர்க்காரரும் அறிய வேண்டியவை

ஒரு வயல் மனையாக மாறுவதை, கல் நட்ட பிறகுதான் ஊர் கவனிக்கிறது. ஜேசிபி வரப்பைத் தட்டியிருக்கும். வண்ணக் கொடிகள் கட்டியிருக்கும். ‘முன்பதிவு நடைபெறுகிறது’ என்று பலகை நின்றிருக்கும். ஆனால் அந்த இடத்தைப் பற்றிய பெரிய முடிவுகள் எல்லாம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. சாலை எந்தப் பக்கம் வரும், எவ்வளவு அகலம், மழைநீர் எங்கே வடியும், குழந்தைகள் விளையாட எத்தனை சென்ட் விடப்படும் என்பதெல்லாம் ஒரு வரைபடத்தின் மீது தீர்மானமாகிவிட்டிருக்கும். அந்த வரைபடத்துக்கும் முன்னால், அந்த நிலத்தில் வீடு கட்டலாமா கூடாதா என்பதை இன்னொரு வரைபடம் முடிவு செய்திருக்கும்.

இந்த அத்தியாயம் இரண்டு வகை வாசகர்களுக்காக எழுதப்பட்டது. ஒருவர் மனை வாங்க நினைப்பவர். மற்றவர் அந்த மனைப்பிரிவுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர் அல்லது விவசாயம் செய்பவர். இருவர் கவலையும் வேறு வேறு என்று தோன்றும். உண்மையில் இருவரும் பார்க்க வேண்டிய காகிதங்களும், கேட்க வேண்டிய கேள்விகளும், தட்ட வேண்டிய கதவுகளும் ஒன்றேதான். முடிவு எடுக்கப்படும் முன்பே அவற்றைப் பார்ப்பதும் கேட்பதும்தான் இந்த அத்தியாயம் வலியுறுத்தும் ஒரே செய்தி.

1. ஒரே நிலத்துக்கு இரண்டு பதிவுகள்

தமிழ்நாட்டில் முழுமைத் திட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாவது வருவாய்த் துறையின் பதிவு. நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்பதை அ-பதிவேடு சொல்லும். யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பட்டா சொல்லும். அதன் வடிவத்தையும் அளவுகளையும் புல வரைபடம் காட்டும். இவை வட்டாட்சியர் அலுவலகத்தின் கீழ் வருபவை. பெரும்பாலானவற்றை அரசின் இணைய சேவைத் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நகர் ஊரமைப்புத் துறையின் பதிவு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் முழுமைத் திட்டமும் விரிவான வளர்ச்சித் திட்டமும் தயாரிக்கப்படுகின்றன. அவற்றில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும்: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை, திறந்தவெளி என்று வகைகள் உண்டு. சென்னைப் பெருநகரில் 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்புநிலம், தென்சென்னைக் கடற்கரையோர நிலத்தடி நீர் ஊறும் பகுதி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உள்ளன.

இந்த இரண்டு பதிவுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பட்டாவில் புஞ்சை என்றிருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். பட்டா சுத்தமாக இருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் வேளாண் பகுதியாக இருக்கலாம். “பட்டா கிளியரா இருக்கு சார்” என்று ஒருவர் சொன்னால், நிலம் யாருடையது என்பதற்குத்தான் அவர் பதில் சொல்லியிருக்கிறார். அதில் என்ன செய்யலாம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எனவே முதல் வேலை: கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு பதிவுகளையும் தனித்தனியே பாருங்கள். சென்னைப் பெருநகரில் நிலப் பயன்பாட்டை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் சர்வே எண் கொண்டு தேடலாம். மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) மாவட்ட அலுவலகத்திலோ உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்திலோ கேட்டு, எழுத்தில் பெறுங்கள்.

முழுமைத் திட்டம் எதிலும் அடங்காத கிராமங்களும் உண்டு. அங்கே வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் அதன்கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். வேளாண்மைத் துறையின் கருத்து அதில் முக்கியம். நஞ்சை நிலமாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் வரை கோப்பு போகும். “இங்கெல்லாம் பிளான் ஏரியாவே கிடையாது, எதுவும் தேவையில்லை” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

2. முடிவு யார் கையில்?

சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சிஎம்டிஏ. மாநிலத்தின் பிற பகுதிகளுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி. தொழில்நுட்ப ஒப்புதலை இந்த அமைப்புகள் தரும். இறுதி அனுமதியை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்பு வழங்கும். சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசு அறிவித்தது. எல்லையோரக் கிராமங்களில் இடம் பார்ப்பவர்கள், விண்ணப்பம் எந்த அலுவலகத்தின் கையில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பேச்சை இங்கே தெளிவாக்கிவிடுவோம். ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் கொண்ட ஒரு வரைபடம் மனைப்பிரிவு அனுமதி ஆகாது. டிடிசிபியின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. இந்த ஒரு வரி தெரியாததால் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிய குடும்பங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கின்றன.

மலைப்பகுதிகளில் இன்னொரு கதவும் உண்டு. மலையிடப் பாதுகாப்புக் குழுமமான ஹாக்காவின் பட்டியலில் உள்ள கிராமங்களில் அதன் இசைவும் தேவை. நீலகிரி, கொடைக்கானல், கோவையின் மலையடிவாரம் என்று தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு.

3. உட்பிரிவும் மனைப்பிரிவும்

2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, நிலத்தை எட்டு மனைகள் வரை பிரிப்பது உட்பிரிவு. எட்டுக்கு மேல் போனால் மனைப்பிரிவு. பேச்சுவழக்கில் இரண்டையும் லேஅவுட் என்றே சொல்கிறோம். இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

உட்பிரிவு என்ற சொல்லை வருவாய்த் துறையும் பயன்படுத்துகிறது. சர்வேயர் அளந்து 45/2 என்பதை 45/2அ, 45/2ஆ என்று பிரித்துத் தனிப்பட்டா தருவது பட்டா உட்பிரிவு. அது உரிமையைப் பிரித்துக் காட்டுகிறது. வீட்டுமனையாக அங்கீகாரம் தருவதில்லை. தனிப்பட்டா கையில் இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

விதியைத் தவிர்க்கச் சிலர் கையாளும் வழிகளையும் அறிந்திருங்கள்:

• ஒரே நிலத்தை நான்கைந்து உறவினர் பெயர்களில் எழுதி, ஒவ்வொன்றையும் எட்டுக்குக் குறைவான மனைகளாகக் காட்டுவது. தனித்தனியாகப் பார்த்தால் சிறிய உட்பிரிவுகள். சேர்த்துப் பார்த்தால் பூங்கா இல்லாத பெரிய மனைப்பிரிவு.

• ‘பண்ணை நிலம்’ என்று 10 சென்ட், 20 சென்ட்டாக விற்பது. வேலியும் மாங்கன்றும் தருவார்கள். பாதை தனியார் பாதையாகவே இருக்கும். பிற்காலத்தில் வீடு கட்டத் திட்ட அனுமதி கேட்கும்போதுதான் சிக்கல் புரியும்.

• பிரிக்கப்படாத பாகமாக எழுதிக்கொடுத்து, வாய்மொழியாக “இந்த மூலை உங்களுடையது” என்று காட்டுவது.

4. அனுமதி கடந்துவரும் படிகள்

படிகளைத் தெரிந்து வைத்திருந்தால், எந்தக் கட்டத்தில் யாரிடம் என்ன கேட்பது என்பது தெரியும்.

(அ) விண்ணப்பம். நில உரிமையாளரோ அவரிடம் அதிகாரம் பெற்றவரோ பட்டா, புல வரைபடம், அ-பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று, உத்தேச வரைபடம் ஆகியவற்றோடு விண்ணப்பிப்பார்.

(ஆ) தல ஆய்வும் துறைகளின் கருத்தும். இடத்தை அலுவலர்கள் பார்ப்பார்கள். வெள்ளம் தேங்கும் இடமா, வாய்க்கால் பாதிக்கப்படுமா என்று நீர்வளத் துறையிடம் கேட்கப்படும். உயர் அழுத்த மின்கம்பி, ரயில் பாதை, குவாரி போன்றவை அருகிலிருந்தால் உரிய துறைகளிடமும் கருத்து கேட்கப்படும். ஊர்க்காரர் சொல்லும் தகவலுக்கு மிக அதிக மதிப்புள்ள கட்டம் இது.

(இ) சாலையும் பூங்காவும் ஒப்படைப்பு. சாலை அமைப்பு முடிவானதும், சாலைகளையும் திறந்தவெளி ஒதுக்கீட்டையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாக விலையின்றிப் பதிந்து தர வேண்டும்.

(ஈ) இறுதி அனுமதி. வரைபடத்தில் அனுமதி எண், தேதி, நிபந்தனைகள், முத்திரை எல்லாம் இருக்கும். சிஎம்டிஏ வரைபடங்களில் ‘பி.பி.டி./எல்.ஓ.’ என்று தொடங்கும் எண்ணைப் பார்க்கலாம். அதன்பின் உள்ளாட்சியின் அனுமதி.

(உ) ரெரா பதிவு. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது.

மனைகளை விற்பவருக்கு (உ) வரை வந்துவிட்டால் வேலை முடிந்தது. வாங்குபவரும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் முழுக் கவனத்தையும் (ஆ)-விலும் (இ)-யிலும் வைக்க வேண்டும். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கட்டங்களில் கவனிக்காமல் விட்டவைதான்.

5. பூங்காவின் கணக்கு

திறந்தவெளி ஒதுக்கீட்டை எல்லாரும் ஓஎஸ்ஆர் என்றே சொல்கிறார்கள். விதி இது:

• 3,000 சதுர மீட்டர் வரை: ஒதுக்கீடு தேவையில்லை.

• 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை: சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதம். இடமாகத் தர இயலாத நிலையில் வழிகாட்டி மதிப்புப்படி பணமாகச் செலுத்த வழி உண்டு.

• 10,000 சதுர மீட்டருக்கு மேல்: 10 சதவீதத்தை இடமாகவே தந்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 ஏக்கர் நிலம் என்றால் சுமார் 16,187 சதுர மீட்டர். சாலைகளுக்கு 30 சதவீதம் போனதாக வைத்துக்கொண்டால் 4,856 சதுர மீட்டர் கழியும், மீதி 11,331. அதில் 10 சதவீதம் 1,133 சதுர மீட்டர். நம் அளவில் 28 சென்ட். ஐந்து கிரவுண்டுக்குச் சற்று மேல். ஒரு வாலிபால் ஆடுகளமும், நடைபாதையும், பத்துப் பதினைந்து வேப்பமரங்களும் தாராளமாகக் கொள்ளும் இடம்.

இந்தக் கணக்கை எந்த வரைபடத்தின் மீதும் நீங்களே போடலாம். வரைபடத்தின் ஓரத்தில் உள்ள பரப்பளவு அட்டவணையில் மொத்தப் பரப்பு, சாலைப் பரப்பு, பூங்காப் பரப்பு மூன்றும் இருக்கும். சதவீதம் சரியாக இருந்தாலும் இடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மின்கோபுரத்தின் அடியிலோ ஓடைக்கரையின் முக்கோண மூலையிலோ ஒதுக்கப்பட்ட பூங்கா, காகிதத்தில் 10 சதவீதமாகவும் தரையில் யாருக்கும் உதவாத துண்டாகவும் போய்விடும். பூங்காவுக்குப் பொதுச் சாலையிலிருந்து நேரடி வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இந்த ஒதுக்கீட்டுக்கு நீதிமன்றங்கள் வலுவான பாதுகாப்பு தந்திருக்கின்றன. பெங்களூருவில் ஒரு மனைப்பிரிவின் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை எதிர்த்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. முத்தப்பா வழக்கு என்று இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சென்னைப் பகுதி விதிகளில் உள்ள 10 சதவீத ஒதுக்கீட்டையும், அதைத் தானமாக எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையையும் 2023-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆகவே பூங்கா இடத்தைக் கேட்பது விற்பவரிடம் கேட்கும் சலுகை ஆகாது. அது ஊருக்கு ஏற்கெனவே உரியது.

6. தண்ணீர் போகும் வழி

தமிழ்நாட்டின் நிலம் ஏரிகளாலும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களாலும் பின்னப்பட்டது. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். அந்த வழியில் ஒரு மனைப்பிரிவு வந்தால், ஐந்தாறு வருடம் மழை பொய்த்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. 2015 டிசம்பரில் சென்னையும் புறநகரும் பார்த்ததைப் போன்ற ஒரு மழை வந்தால், நீர் தன் பழைய பாதையைத் தேடிக்கொள்ளும்.

பள்ளிக்கரணை இதற்கு நம் கண்முன் உள்ள சான்று. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் அந்தச் சதுப்புநிலத்தைச் சுற்றிக் குடியிருப்புகளும் அலுவலகங்களும் குப்பைக் கிடங்கும் நெருங்கி வந்த பிறகே, எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஊர் ஊராக இருக்கும் சிறிய ஏரிகளுக்கு அந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. அங்கே கவனிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பார்க்க வேண்டியவை:

• புல வரைபடத்தில் நிலத்தின் ஊடாகவோ ஓரமாகவோ வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை உள்ளதா? அதே அகலத்தில் மனைப்பிரிவு வரைபடத்திலும் உள்ளதா?

• பக்கத்துச் சர்வே எண்கள் அ-பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கா, மேய்க்கால் புறம்போக்கா?

• பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் பாசனக் கால்வாய் பதிவேட்டில் தனியாக இல்லாமல் போகலாம். அந்த ஊரில் நெடுநாள் விவசாயம் செய்த பெரியவரிடம், “ஐயா, கனமழையில இந்தப் பக்கம் தண்ணி எப்படிப் போகும்?” என்று கேளுங்கள். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத பதில் அவரிடம் கிடைக்கும்.

• நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் என்ன நிபந்தனை உள்ளது? தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள்? வடிகாலும் சிறுபாலமும் கட்டச் சொல்லியிருக்கிறார்களா?

கடைசிக் கேள்வி அக்கம்பக்கத்தாருக்கு உயிர்நாடி. புதிய மனைப்பிரிவு மண்ணடித்து உயர்ந்தால், அதுவரை அங்கே தேங்கிய தண்ணீர் பழைய தெருவுக்குத்தான் வரும். மேட்டில் வீடு வாங்கியவர் தப்பிவிடுவார். முப்பது வருடமாக அங்கே குடியிருப்பவர் வீட்டுக்குள் தண்ணீர் புகும். அதனால் வடிகால் எங்கே சேருகிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், இருக்கிறது.

7. நிலப் பயன்பாட்டு மாற்றம்: பேச வேண்டிய நேரம்

வேளாண் பகுதியிலோ தொழில் பகுதியிலோ உள்ள நிலத்தில் மனைப்பிரிவு வேண்டும் என்றால், முதலில் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும். உரிமையாளர் விண்ணப்பித்ததும் இடம் ஆய்வு செய்யப்படும். நாளிதழில் அறிவிப்பு வரும். குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்கப்படும். உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் கேட்கப்படுவதும் உண்டு. பிறகு முடிவாகி அரசிதழில் வெளியாகும்.

அந்த நாளிதழ் அறிவிப்பு ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. ஆட்சேபம் வராவிட்டால், யாருக்கும் மறுப்பில்லை என்றே கோப்பு நகரும். அதனால் ஒவ்வொரு குடியிருப்போர் சங்கத்திலும் ஒருவர் இந்த அறிவிப்புகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

முழுமைத் திட்டமே புதிதாகத் தயாராகும்போது வாய்ப்பு இன்னும் பெரியது. வரைவை வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாத அவகாசம் தந்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கோவைக்கு 1994-இல் ஒப்புதல் பெற்ற திட்டமே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஒரு வரைவில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நிறக்குறி, உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை அந்த இடத்தின் தலையெழுத்தாகிவிடும். சென்னைக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. உங்கள் கிராமத்தின் தாள் வெளியாகும்போது அதைத் திறந்து பாருங்கள்.

ஆட்சேப மனு எழுதும் முறை இதோ:

“பெறுநர்: (அறிவிப்பில் உள்ள அலுவலரின் பதவியும் முகவரியும்).
பொருள்: ……… கிராமம், சர்வே எண் ………, வேளாண் பயன்பாட்டிலிருந்து குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மாற்றுவது தொடர்பான ஆட்சேபம்.
பார்வை: ……… நாளிதழில் ……… தேதியில் வெளியான அறிவிப்பு.
ஐயா / அம்மா, மேற்படி நிலத்தின் வடக்கு எல்லையை ஒட்டி ……… ஏரியின் கலங்கல் வாய்க்கால் செல்கிறது (புல வரைபட நகல் இணைப்பு 1). கடந்த மழையில் இந்நிலத்தில் நீர் தேங்கிய புகைப்படங்கள் தேதியுடன் இணைப்பு 2. பயன்பாட்டை மாற்றி நிலத்தை உயர்த்தினால் ……… தெருவில் உள்ள வீடுகள் பாதிக்கப்படும். எனவே மாற்றத்தை அனுமதிக்க வேண்டாம் என்றும், அனுமதிக்கும் பட்சத்தில் வாய்க்காலின் முழு அகலத்தையும் விட்டு, வடிகால் சேருமிடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். நேரில் விளக்க வாய்ப்பளிக்க வேண்டுகிறோம்.”

இந்த மனுவில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. முழு மறுப்போடு மாற்றுக் கோரிக்கையும் இருக்கிறது. மறுப்பை ஏற்காத அலுவலர்கூட நிபந்தனையை ஏற்க வாய்ப்பு உண்டு. மனுவை ஒப்புகை பெறும் வகையில் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள்.

கிராமங்களில் இன்னொரு மேடையும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாய்க்காலையும் மேய்ச்சல் நிலத்தையும் பற்றி அங்கே நிறைவேறும் தீர்மானம், தன்னளவில் ஓர் அனுமதியை நிறுத்திவிடாது. ஆனால் ஊரின் கருத்து என்ன என்பதற்கு எழுத்துச் சான்றாகக் கோப்பில் நிற்கும்; பிற்பாடு வழக்கு வந்தால் மிகவும் உதவும்.

கோப்பின் நிலை தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். ‘ஏன் அனுமதித்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘நீர்வளத் துறையின் கடித நகல், தல ஆய்வு அறிக்கை நகல், அங்கீகரித்த வரைபட நகல், தானப் பத்திர நகல் தருக’ என்று ஆவணங்களைக் கேளுங்கள்.

8. அங்கீகாரம் இல்லாத மனைகள்: 2016-க்கு முன்னும் பின்னும்

பல்லாண்டுகளாக விளைநிலங்கள் அனுமதியின்றி மனைகளாக விற்கப்பட்டன. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20-இல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அனுமதி பெறாத மனையைச் சார் பதிவாளர் பதியக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவானதை மறுவிற்பனை செய்வதற்கு மட்டும் விலக்கு உண்டு.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ஐ எல்லை நாளாக வைத்து, அதற்கு முன் உருவான மனைகளும் மனைப்பிரிவுகளும் கட்டணம் செலுத்தி வரன்முறை பெற வழி செய்யப்பட்டது. நீர்நிலை, அரசு நிலம், பூங்கா ஒதுக்கீடு ஆகியவற்றில் உள்ள மனைகளுக்கு அந்த வழியும் கிடையாது.

வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, பத்திரம் பதிவாகியிருப்பதே அங்கீகாரத்துக்குச் சான்று ஆகாது. மறுவிற்பனை விலக்கில் அது பதிவாகியிருக்கலாம். இரண்டு, ‘வரன்முறை ஆகிவிடும்’ என்ற வாக்குறுதிக்கு விலை கொடுக்காதீர்கள். வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். ஆணை இல்லாத மனைக்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைப்பது கடினம்.

9. முன்பணம் கொடுக்கும் முன்: சரிபார்ப்புப் பட்டியல்

1. அனுமதி எண்ணையும் தேதியையும் வைத்து சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அலுவலகத்தில் மூல வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். விற்பவர் தரும் வண்ணத் துண்டுப் பிரசுரம் வரைபடம் ஆகாது.

2. ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடுங்கள். மனைப்பிரிவுகளின் எண்ணில் ‘லேஅவுட்’ என்ற சொல் இருக்கும். அங்கே ஏற்றப்பட்டுள்ள வரைபடமும் உங்கள் கையில் உள்ளதும் ஒன்றா?

3. தாய்ப் பத்திரம் முதல் இன்றுவரை உரிமை தொடர்ச்சியாக வருகிறதா என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துப் பெறுங்கள். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள்.

4. சாலைகளுக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா? அதன் எண்ணைக் கேளுங்கள்.

5. மனைப்பிரிவை அரசுச் சாலையோடு இணைக்கும் அணுகுசாலை பொதுப் பாதையா? நடுவே வாய்க்கால் குறுக்கிட்டால் பாலத்துக்கு அனுமதி உண்டா?

6. வரைபடத்தின் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். முக்கியமானவை சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

7. ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை நல்ல மழைக்கு மறுநாளும் இடத்தைப் போய்ப் பாருங்கள்.

8. ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் தராதீர்கள். அதற்கு மேல் கேட்பதை ரெரா சட்டமே தடுக்கிறது.

விற்றபின் வரைபடத்தை மாற்ற நினைத்தால், மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது அதே சட்டம். பொய்யான விளம்பரத்தை நம்பி இழந்தால் இழப்பீடு கேட்கலாம். நில உரிமையில் குறை இருந்தால் அந்த இழப்பீட்டைக் கேட்பதற்குக் காலவரம்பே கிடையாது.

10. குடியேறிய பிறகு

வரைபடத்தில் வென்றதைத் தரையில் காப்பாற்றுவது அடுத்த வேலை. மனைகள் பாதி நிறைந்ததுமே குடியிருப்போர் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். முதல் கூட்டத்தின் முதல் பொருளாக நான்கு ஆவணங்களின் நகலைச் சேர்க்கத் தீர்மானியுங்கள்: அங்கீகரித்த வரைபடம், அனுமதி ஆணை, சாலை மற்றும் பூங்காவின் தானப் பத்திரங்கள், நீர்வளத் துறைச் சான்று. சங்கத் தலைவர்கள் மாறுவார்கள். இந்தக் கோப்பு மாறாமல் இருக்க வேண்டும்.

பூங்கா இடத்தின் சர்வே எண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உள்ளாட்சிக்குத் தானமாகப் போன இடம் வேறு ஒருவர் பெயருக்குக் கைமாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்படி நடந்தால் உள்ளாட்சி ஆணையர் அல்லது செயல் அலுவலர், மாவட்ட ஆட்சியர், டிடிசிபி அல்லது சிஎம்டிஏ மூவருக்கும் ஒரே நாளில் மனு அனுப்புங்கள். பலனில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. நீர்நிலை சம்பந்தப்பட்டதாக இருந்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. தீர்ப்பாயத்துக்குப் போவதானால் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

பூங்கா இடத்தைச் சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, உள்ளாட்சியின் பெயரும் பரப்பளவும் தானப் பத்திர எண்ணும் எழுதிய பலகை வைக்கச் சொல்லி உள்ளாட்சியிடம் மனுக் கொடுங்கள். வேலி வரத் தாமதமானாலும் மரக்கன்று வைக்கத் தாமதிக்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் பொது இடத்தை அபகரிப்பது கடினம். குழந்தைகள் விளையாடுகிற, பெரியவர்கள் மாலையில் நடக்கிற இடத்துக்கு ஊரே காவல்.